பதினைந்து நிமிடத் தண்ணீர்

எனக்கு வாய் ஜாஸ்தி என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். கடைசியில் அந்த வாய்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. கென்யாவிலிருந்து வந்திருந்த ஒரு மிஷனரி நர்சுக்கு மொழிபெயர்க்கும் வேலை. வெறிநாய்க்கடி நோய் வராமல் தடுப்பது எப்படி என்று கிராமம் கிராமமாகப் போய்ச் சொல்லித் தருவது அவர் பணி. அவர் ஆங்கிலத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும். ஜனங்கள் கேட்பதை அவருக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் வெள்ளைக்காரர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆசிரமத்துப் பக்கம் டீக்கடையில் நமக்கு முன்னால் நிற்பதே அவர்கள்தான். ஆனால் வாட்டசாட்டமான ஓர் ஆப்பிரிக்க அம்மாள் ஆட்டோவிலிருந்து இறங்கினால் தெருவே கூடிவிடும். கூட்டம் சேர்க்க மைக் தேவையில்லை என்று சிஸ்டர் சிரிப்பார். இறங்குவதற்கு முன் கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம், அதோடு சரி. ஒரு கிராமத்தில் ஒருவர், "இன்னாம்மா, மதம் மாத்தற கூட்டமா?" என்று மடக்கினார். நான் சண்டைக்குத் தயாரானேன். சிஸ்டரோ பையிலிருந்து சோப்பை எடுத்துக் காட்டி, "இன்றைக்கு இது மட்டும்தான்" என்றார். மடக்கியவர்தான் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பாடம் இவ்வளவுதான். சிஸ்டர் குழாயடியில் தன் காலையே நீட்டி, செல்போனில் நேரம் வைத்து, முழுப் பதினைந்து நிமிடமும் கழுவிக் காட்டுவார். பாதியிலேயே கொட்டாவிகள் கிளம்பும். அத்தனை நேரமும் எதையாவது பேசிக் கூட்டத்தைப் பிடித்து வைப்பது என் பொறுப்பு.

செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். கூட்டம் முடியும் நேரம். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்த ஒருத்தி கேட்டாள்: "ஏம்மா, நாய் கடிச்ச எடத்துல தண்ணி பட்டா வெஷம் ஏறிடும்னு சொல்வாங்களே?"

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். பத்து வயதில் என்னை நாய் கடித்தபோது சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துக் கட்டி, மூன்று நாள் குளிக்கவே விடவில்லை. ஊசியும் போடவில்லை. நான் குத்துக்கல் மாதிரி நன்றாகத்தானே இருக்கிறேன்? எம்.ஏ. படித்த பிறகும் அந்த நம்பிக்கை எனக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதனால் கேள்வியைச் சிஸ்டரிடம் கொண்டுபோகவே இல்லை. "ஈரத்துணியால லேசா தொடச்சா போதும்" என்று நானே சொல்லிவிட்டேன். என்ன கேட்கிறாள் என்றார் சிஸ்டர். நன்றி சொல்கிறாள் என்றேன்.

இரண்டு வாரம் கழித்துப் பௌர்ணமி, மலையைச் சுற்றும் கிரிவல நாள். மதியம் சிஸ்டரின் வாடகை அறையில் கூட்டத்தில் காட்டும் படங்களை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தோம். கூட்டங்களில் எல்லோருக்கும் என் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். போன் அடித்தது. அதே பெண்.

"பொண்ண நாய் கடிச்சிடுச்சும்மா, கெண்டைக்கால்ல. எங்கிருந்தோ வந்த நாய். ரெண்டு ஆட்டையும் கடிச்சிட்டு ஓடிருச்சு. நீ சொன்ன மாதிரியே ஈரத்துணியால தொடச்சிட்டேன். இன்னிக்கு பௌர்ணமி, ரோடெல்லாம் அடைச்சுட்டாங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வரட்டுமா?"

ஏழு வயதுப் பெண். இந்த நோய் வந்த பிறகு பிழைப்பது நடக்காத காரியம் என்று எத்தனை கூட்டத்தில் இதே வாயால் சொல்லியிருக்கிறேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு சிஸ்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், நன்றி என்று சொன்ன பொய் உட்பட.

அவர் என்னையே பார்த்தார். "எங்கள் ஊரில் முதல் கேள்வியே அதுதான். இங்கே ஏன் யாருமே கேட்கவில்லை என்று இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்" என்றார். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை. பிறகு போனைக் காட்டினார். "இன்னும் நேரம் இருக்கிறது. கழுவச் சொல்."

"நான் சொன்னது தப்பும்மா. தண்ணி பட்டா வெஷம் ஏறாது. கொழாய்க்கு இட்டுக்கினு போ, சோப்பு எடு. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத" என்று கத்தினேன். போனில் தண்ணீர் விழும் சத்தம். "எரியுதும்மா" என்று குழந்தை அழுதது. சிஸ்டர் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் அண்ணாமலையாரைக் கூப்பிட்டேன். பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நாளைக்கு வேண்டாம், இப்போதே கிளம்பு என்றேன். ஊர்க்காரர் ஒருவர் தாயையும் மகளையும் பைக்கில் கொண்டுவந்து, தடுப்பு போட்ட இடத்தில் இறக்கிவிட்டார். நானும் சிஸ்டரும் அங்கே காத்திருந்தோம். அங்கிருந்து நடைதான். குழந்தையை நான் இடுப்பில் தூக்கிக்கொண்டேன். கிரிவலக் கூட்டம் முழுக்க எங்களுக்கு எதிரே வந்தது. "எல்லாரும் அந்தப் பக்கம் போனா நீங்க மட்டும் இன்னா எதிர்ல வரீங்க?" என்று ஓர் அம்மாள் சீறினாள். கொழந்தைய நாய் கடிச்சிடுச்சு என்றேன். அடுத்த நொடி அந்த அம்மாளே முன்னால் நடந்து, "வழி விடுங்க, கொழந்தைய நாய் கடிச்சிருக்கு" என்று குரல் கொடுத்தாள். அந்தக் குரல் வாய் மாறி வாய் மாறிப் போனது. கூட்டம் ஓரம் ஒதுங்கி நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கையிலும் காயத்தைச் சுற்றியும் ஊசி போட்டார்கள். கழுவிக்கொண்டு வந்தது நல்லதாயிற்று என்றார் டாக்டர். இன்னும் மூன்று தடவை வரச் சொன்னார். மூன்று தடவையும் நானும் சிஸ்டரும் கூடப் போனோம். கடைசி ஊசி முடிந்த அன்று குழந்தை வாசற்படியில் தாவித் தாவி இறங்கினாள்.

அங்கேயே அவள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஈரத்துணி என்று சிஸ்டர் ஒருநாளும் சொல்லவில்லை, அது என் சொந்தச் சரக்கு என்றேன். அவள் மகளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னாள்:

"அந்தம்மா இங்கிலீஷ்ல இன்னா சொன்னாங்கன்னு எனக்கு இன்னாம்மா தெரியும்? நீ தொடைக்கச் சொன்ன, தொடச்சேன். நீ கழுவச் சொன்ன, கழுவுனேன். அடுத்த கூட்டத்துல எம் பொண்ணு காலையே கழுவிக் காட்டறேன். தண்ணி பட்டும் நல்லா இருக்கறாளேன்னு அவங்களே பாக்கட்டும்."

பக்கத்தில் நின்ற சிஸ்டர், என்ன சொல்கிறாள் என்று கேட்டார். இந்த முறை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.