வாயை மணந்து பார்த்த நாலு வருடம்

சுருவில் ஊரில் ஒரு பைபர் படகில் வெடிப்பு விழுந்தால் றெக்ஷனைத்தான் தேடுவார்கள். றெசினில் அதை இறுக்கும் மருந்தைக் கலந்து அவன் பூசிய ஒட்டைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு கெட்டிக்காரன், அவ்வளவு குடிகாரன். நாலு வருடத்துக்கு முன் கோயில் திருநாளில், சுவாமியார் பார்த்திருக்க, இனிக் குடிப்பதில்லை என்று அந்தோனியார் சிலையைத் தொட்டு நேர்த்தி வைத்தான். ஊர் சிரித்தது.

அவன் மனைவி ஜெயந்தா சிரிக்கவில்லை. பின்னேரம் அவன் படலைக்குள் நுழைந்ததும் கிட்டப் போய் வாயை மணந்து பார்ப்பாள். ஒரு நாளும் சாராயம் மணக்கவில்லை. பிறஷ் கழுவும் தின்னர்தான் மணந்தது. பைபர் வேலைக்காரனிடம் தின்னர் மணக்காமல் மல்லிகையா மணக்கும்? அது உழைப்பின் மணம் என்று பெருமையோடு அவன் சாரத்தைத் தோய்த்துப் போட்டாள், பாவம்.

பிறகு மெல்ல மெல்ல ஆள் மாறினான். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கத்தி எங்கே என்று கேட்டான். கருவாடு கருகி வீடெல்லாம் புகைந்தபோது, எந்த மணமும் தெரியாதவன்போலக் குசினியில் சும்மா இருந்தான். அமைதியான மனுசன் தொட்டதற்கெல்லாம் சீறி விழுந்தான், குடிக்காமலே தள்ளாடினான். குடியை விட்ட உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஜெயந்தாவே நியாயம் சொன்னாள்.

ஊர் மீனவர் அம்புறோஸின் படகு அந்த நியாயத்தை உடைத்தது. நயினாதீவுப் பக்கம் வலை இழுக்கும்போது, றெக்ஷன் அடியில் போட்ட ஒட்டு அப்படியே உரிந்துவிட்டது. தண்ணீரை இறைத்து இறைத்துக் கரை சேர்ந்த மனிதர் நேரே வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, றெசினுக்கு மருந்து விட்டனீரோ? பிசின் மாதிரிக் கிடக்குது."

"விட்டனான்!" என்று றெக்ஷன் பாய்ந்தான். "என்ர தொழிலை எனக்குச் சொல்லித்தர வாறியளோ?"

சத்தம் பெரிதுதான், முகம் வெளிறிவிட்டது. விட்டானா இல்லையா என்பது அவனுக்கே தெரியவில்லை. அதை ஜெயந்தா கண்டுகொண்டாள்.

அவன் வேலை செய்யும் கொட்டிலுக்கு ஓடினாள். மருந்துப் போத்தலின் மூடி திறக்கப்படவேயில்லை. பக்கத்தில் ஒரு பால்மா ரின், அதற்குள் தின்னரில் ஊறிய துணி.

"இது என்னத்துக்கு?"

பின்னால் வந்தவன் மறைக்கவில்லை. "மூக்கிலை பிடிச்சு இழுத்தால் தலைக்கு இதமாக் கிடக்கும். நேர்த்தியை நான் முறிக்கேல்லை ஜெயந்தா. ஒரு சொட்டும் வாயிலை வைக்கேல்லை."

அது சத்தியமான வார்த்தை. அதனால்தான் அவளுக்கு அழுகை வந்தது. அவள் காவல் இருந்த வாசலை விட்டு வேறு வாசலால் எல்லாம் போயிருந்தது.

யாழ்ப்பாணத்து டொக்டர் பொறுமையாகச் சொன்னார். "வயித்துக்குப் போகத் தேவையில்லை அம்மா. மூச்சோடை ரத்தத்திலை கலந்து மூளைக்குப் போயிடும். ஞாபகம், நடை, குணம் எல்லாத்தையும் கெடுக்கும். இண்டைக்கே நிப்பாட்டினால் கொஞ்சம் திரும்பும். எவ்வளவு எண்டு சொல்ல ஏலாது. அந்த வேலைப் பக்கமே போகக் கூடாது."

அந்தக் கொஞ்சத்துக்காக ஜெயந்தா வெட்கத்தை விட்டாள். அம்புறோஸிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் படகின் உரிந்த அடியை ஒருதரம் தடவிப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு வரச் சொல்லு பிள்ளை" என்றார்.

நாலு மாதமாகிறது. றெக்ஷன் கரையில் இருந்து அவருடைய வலைகளில் நண்டு கழற்றுகிறான். நடை கொஞ்சம் தேறியிருக்கிறது, கோபம் பாதியாகிவிட்டது. பின்னேரம் வந்ததும் தானாகவே இரண்டு கைகளையும் நீட்டுகிறான்.

"இஞ்சேரும், மணந்து பாரும். எனக்கு ஒரு மணமும் தெரியுதில்லை."

நேற்றும் நீட்டினான். மணந்து பார்த்து, "நண்டு மணம்தான்" என்றாள். அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு முற்றத்தில் ஒரு சுற்று நடந்தான். திரும்பி வந்து அவள் முன்னால் நின்று கைகளை நீட்டினான்.

"இஞ்சேரும், மணந்து பாரும்."

ஜெயந்தா அந்தக் கைகளைப் பிடித்து, முதல் தரம் போலவே மணந்து பார்த்தாள்.

"நண்டு மணம்தான்," என்றாள்.