இலையின் இடப்பக்கம்

எனக்கு மூக்கின்மேல் கோபம். எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தபோதே அந்தப் பெயரும் கூடவே வந்துவிட்டது. அதனால் மாமியாரும் நானும் மோதிக்கொண்டதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

மூன்றாம் வருஷம் மாமியாருக்கு லேசான பக்கவாதம் வந்தது. இடது கை கொஞ்சம் தளர்ந்தது. ஒரு மாதத்தில் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் என்னைப் படுத்த ஆரம்பித்தார். வலப்பக்கம் உட்காரும் மகனிடம் சிரித்துப் பேசுவார். சமையலறை வாசலை ஒட்டி இடப்பக்கம் நிற்கும் என்னை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். இலையில் பாதிச் சோறும், இடது ஓரத்தில் நான் வைத்த கறியும் தொடாமல் கிடக்கும். அதோடு விட்டாரா?

"உன் ஆத்துக்காரி எனக்குக் கறியே விளம்பறதில்லைடா, கேட்டயோ."

பரிமாறிய கறி கண்ணெதிரே இருக்கிறது! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். கணவர் இலையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மோர் கேட்பார். எர்ணாகுளத்தில் தனி வீடு பாருங்கள், இல்லாவிட்டால் பாலக்காட்டில் என் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்று கெடு வைத்தேன். பெட்டியும் கட்டிவிட்டேன். போட் ஜெட்டியில் படகு புறப்படும் மணி கேட்கும்போதெல்லாம் கால் பரபரக்கும்.

ஒரு மத்தியானம் மறுபடி அதே புகார். "அப்போ இது என்ன, கல்லா மண்ணா?" என்று கத்திக்கொண்டே இலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிவிட்டேன். இடப்பக்கம் இருக்கவேண்டிய நுனி வலப்பக்கம் வந்துவிட்டது. சாப்பிடுகிறவர் முன்னால் அப்படிச் செய்வது அபசகுனம். கணவர் எழுந்தே விட்டார்.

மாமியார் கோபிக்கவில்லை. வலப்பக்கம் வந்த வாழைக்காய் மெழுக்குபுரட்டிக் கறியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இப்போவாவது விளம்பினயே" என்று ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார். அத்தனை பசி. அப்படி யாராலும் நடிக்க முடியாது.

மறுநாள் காலை டாக்டரிடம் கூட்டிப்போனோம். கண்ணில் குறையில்லை, இடப்பக்கத்தைக் கவனிக்கிற மூளையின் வலப்பாதியில்தான் அடி என்றார். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அந்த மூளை கண்டுகொள்வதில்லையாம். அவர் இடப்பாதித் தலையை வாராமல் விட்டதைக்கூட, எனக்கு வேலை வைப்பதற்காகத்தான் என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். மாமியார் திடுக்கிட்டுப் பார்த்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கேடி போயிருந்தே இத்தனை நாளா?"

"எங்கேயும் போகலை அம்மா" என்றேன். கட்டிலுக்கடியில் பெட்டி கட்டியபடியே இருந்தது.