கண்ணாடிக் கதவுக்கு வெளியே

மலேசியாவில், ஈப்போவின் ஜெலாப்பாங்கில் பல் கிளினிக் வைத்திருக்கும் சிவாஜினி நிறையப் பேசுவார். ஊசி போடும் முன்பும் பேச்சு, போட்ட பின்பும் பேச்சு. கொரோனா வந்ததும் அந்தப் பேச்சு முகக்கவசத்துக்குள் அடங்கிவிட்டது. அவசரமாக வருகிறவர்களை மட்டும் பார்த்தார். ஒருவர் போனதும் நாற்காலியைத் துடைத்து, ஜன்னல்களைத் திறந்து, காற்று மாறும்வரை காத்திருந்த பிறகுதான் அடுத்தவர்.

அப்படியொரு காலையில் கெர்ட்ரூட் வந்தாள். கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. சிறுவயதுக் காய்ச்சலில் காது போனவள்; உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். துணைக்கு யாரும் உள்ளே வரக்கூடாது என்பதால் அவள் அண்ணன் கோலின் வாசலில் நின்ற காரிலேயே இருந்தான்.

கவசம் போட்ட இரண்டு உருவங்கள் குனிந்ததும் கெர்ட்ரூட் பதறி எழுந்தாள். உதவியாளர் புனிதா தாளில் எழுதிக் காட்டினாள். அவள் அதைப் பார்க்கவேயில்லை.

"வாய் தெரியல... ஒன்னும் புரியல," என்று அழுதாள்.

"டாக்டர், மாஸ்க்கை கொஞ்சம் இறக்கிப் பேசுங்க லா. பாவம் அந்த அக்கா," என்றாள் புனிதா.

சிவாஜினியின் கை கவசம்வரை போய் நின்றது.

"இங்க கழட்டுனா நம்ம எல்லாருக்கும் ஆபத்து. அவங்கள வாசக்கதவுகிட்ட கூட்டிட்டு வா."

மேலங்கியையும் கையுறையையும் களைந்து, கை கழுவி, கிளினிக்குக்கு முன்னாலிருந்த காக்கி லீமா நடைபாதையில் போய் நின்றார். கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டு கவசத்தை எடுத்தார். உள்ளே கெர்ட்ரூட் அவர் உதடுகளையே பார்த்தாள்.

"தோள்ல ஒரு தடவ தட்டுனா ஊசி. ரெண்டு தடவன்னா பல்லு எடுக்கப் போறேன். வலிச்சா கைய தூக்குங்க, நிறுத்திடுறேன்."

கெர்ட்ரூட் தலையாட்டினாள்.

புதுக் கவசம் அணிந்து வந்த சிவாஜினி, எச்சில் தெறிக்கவைக்கும் மெஷினைத் தொடவேயில்லை. இடுக்கியாலேயே மெல்ல அசைத்தார். நடுவில் கெர்ட்ரூட் கையைத் தூக்கினாள். நிறுத்தி, இன்னொரு ஊசி போட்டு, மரத்துப்போகும்வரை காத்திருந்தார். பல் வந்தது.

திரும்பவும் கதவுக்கு வெளியே போய், பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொன்னார். கெர்ட்ரூட் உள்ளிருந்து ஏதோ கேட்டாள். கண்ணாடியைத் தாண்டி ஒன்றும் கேட்கவில்லை. சிவாஜினி நெருங்கி வந்து, கோணிய அந்த உதடுகளை உற்றுப் பார்த்தார். அவள் மெதுவாக இன்னொரு முறை சொன்னாள்.

சோறு சாப்பிடலாமா என்கிறாள்!

"இன்னைக்கு கஞ்சி மட்டும் லா," என்றார் சிவாஜினி, வாயை நன்றாகத் திறந்து. காரிலிருந்த கோலினுக்கு அது தெளிவாகக் கேட்டது.