குந்துநாதனின் இரட்டை இன்ஜின் ஹெலிகாப்டர்

குந்துநாதன் வெறும் வயிற்றோடு தராசில் ஏறி நிற்கிறார். பெரிய காஞ்சிபுரத்தில் பம்புசெட் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டும் பட்டறை அவருடையது. பழைய இரும்பு நிறுக்கும் தராசில் இப்போதெல்லாம் தினமும் முதலாளியே ஏறுகிறார். "மெஷினு இதுக்குமேல இளைக்காதுபா. ஓட்றவன்தான் இளைக்கணும்." புருஷன் நோன்பு பிடிக்கிறார் என்று உருகிப்போயிருந்த மதனவதி அம்மாள், காரணம் அவர் கட்டிக்கொண்டிருக்கும் ஹெலிகாப்டர் என்று தெரிந்ததும் சாப்பாட்டுத் தூக்கோடு பட்டறைக்கே வந்துவிட்டார்.

அதுவும் ஏனோதானோ ஹெலிகாப்டர் அல்ல, இரட்டை இன்ஜின். ஒரு வெள்ளத்தின்போது சோற்றுப் பொட்டலம் போட வந்த ஹெலிகாப்டரை ஊரே அண்ணாந்து கும்பிட்டது. இவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "ஒத்தை இன்ஜின். நடுவானத்துல நின்னுபோச்சின்னா இறங்கித் தள்ளுவானா?"

தென்னேரியிலிருந்து வெறுங்கையோடு வந்து, எண்ணெய்ப் பிசுக்குத் துடைத்தே முதலாளி ஆனவர். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதை அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். படமெல்லாம் பட்டறைத் தரையில் சாக்குக்கட்டியால்தான். "தப்பாப் போச்சின்னா காலால அழிச்சிட்டுப் போய்க்கினே இருப்பேன்." இரண்டு ஆள், ஒரு மூட்டை முகூர்த்தப் புடவை, நேரே மெட்ராஸ். இதுதான் திட்டம்.

மூங்கில் சட்டத்தின் இரு பக்கமும் பக்கத்துக்கொரு சீமெண்ணெய் இன்ஜின், ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு விசிறி. விசிறிக்குப் பட்டுத் துணி. துணி விறைக்க வேண்டுமே? நெசவு ஊரில் அதற்கு யோசனையா கேட்க வேண்டும்! தறியில் பாவு நூலுக்குப் போடுவதுபோல அரிசிக் கஞ்சி போட்டார். இடது இன்ஜின் சொந்தம். வலது, மச்சான் பார்சுவநாதனின் கிணற்றிலிருந்து கழற்றி வந்தது.

அங்கேதான் வில்லங்கம். வெள்ளோட்டத்துக்காகத் தாமல் ஏரியின் வறண்ட தரைக்கு வண்டியை உருட்டிப் போன அன்று, பார்சுவநாதன் ஸ்பானரோடு நின்றார்.

"நாத்து காயுது மாமா. பொழுது சாயறதுக்குள்ள சக்கரம் எழும்பணும். இல்லன்னா என் இன்ஜினைக் கழட்டிக்கினு போயிடுவேன்."

"கழட்டுவே கழட்டுவே! மேலேருந்து உனக்கு டாட்டா காட்டுறேன் பாரு, மச்சான்!"

ஏறி உட்கார்ந்து கயிற்றை இழுக்கப்போனவர் அப்படியே நின்றுவிட்டார். கஞ்சி வாசனைக்கு எறும்பு ஏறியிருந்தது, இரண்டு விசிறியிலும் சாரி சாரியாக. எறும்பு கண்டால் அடுப்பே மூட்டாத சமணக் குடும்பம், விசிறியைச் சுழற்றுவதாவது! இறங்கி, மயிலிறகால் ஒவ்வொன்றாகத் தள்ள ஆரம்பித்தார்.

"இன்னா முதலாளி, பாசஞ்சரை இறக்குறீங்களா?" என்றது கூட்டம்.

"டிக்கெட் எடுக்காத பசங்கபா!"

வெயில் தணிந்துகொண்டிருந்தது. பார்சுவநாதன் ஸ்பானரை உள்ளங்கையில் தட்டிக்கொண்டார். ஏரிக்கும் தூக்கோடு வந்திருந்த மதனவதி அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. தூக்கிலிருந்த வெல்லத்தை நுணுக்கி, விசிறி முனையில் தொடங்கிச் சட்டத்தின் வழியாகத் தரைவரை கோடு இழுத்தார். எறும்புகள் ஊர்வலமாக இறங்கின. "போறும் போறும், ஓட்டுங்க! விளக்கு வெக்கிறதுக்கு முன்ன சாப்பிடணும், ராச்சாப்பாடு நமக்கு ஆகாது."

இரண்டு இன்ஜினும் உறுமின. புழுதியில் வேட்டி பறந்தது, குடை பறந்தது. பார்சுவநாதன் மண்ணில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டவைத்து, வலது சக்கரத்துக்கு அடியில் கையை நுழைத்தார். கை அந்தப் பக்கம் வந்தது!

"எழும்பிச்சி மாமா! என் பக்கம் எழும்பிச்சி! உங்க இன்ஜின்தான் உட்கார்ந்துக்கினு இருக்குது!"

வண்டி சாய்ந்து ஒற்றைக்காலில் தள்ளாடியது. குந்துநாதன் அவசரமாக எண்ணெயை நிறுத்தினார். பார்சுவநாதன் அதற்குள் ஸ்பானரைத் தூரத்தில் வீசிவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தார். "நாத்துக்கு ஏத்தம் இறைச்சிக்கிறேன். என் இன்ஜினை யாரும் தொடக் கூடாது, அது பறக்குற ஜாதி!"

கூட்டம் அவரையும் அவருடைய இன்ஜினையும் மொய்த்துக்கொண்டது. குந்துநாதனும் எல்லோர் முன்னாலும் அந்த வலது இன்ஜினைத் தட்டிக்கொடுத்தார். பிறகு மெல்ல இடது பக்கம் வந்தார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கொதிக்கும் சூட்டையும் பாராமல் தன் இன்ஜினை அணைத்து, துண்டால் அதன் புழுதியைத் துடைத்துவிட்டார்.