கண்ணை மூடிக் கேட்ட பாட்டு

ஆசிரியப் பயிற்சி மாணவர் பாடம் நடத்தும்போது வகுப்பாசிரியரும் அறையிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. ஐம்பதுகளின் இறுதியில், தென்காசிப் பள்ளியொன்றில் ஒன்றாம் வகுப்புக்கு நான் பாட்டு நடத்திய அன்று குற்றாலத்தில் ஆனிச் சாரல் தொடங்கியிருந்தது. விதிக்குச் சாரல் தெரியாது. "பாட்டுதான, நீரே பாத்துக்கிடும்வே" என்று வகுப்பாசிரியர் அருவியில் குளிக்கப் போய்விட்டார்.

மழைப்பாட்டுக்கு முன்னால், "கண்ண மூடிக்கிட்டு, தண்ணி எப்படிப் பாடுதுன்னு கேளுங்க" என்றேன். முன்மாதிரியாக நானும் மூடினேன். திறந்தபோது முன்வரிசையில் இசக்கியம்மாள் என்ற சிறுமியின் இடம் காலி. பள்ளிக்குப் பின்னால் வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மற்ற பிள்ளைகளை அப்படியே விட்டு ஓடினேன். வாய்க்கால் படியில், பாவாடை நனைய, கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள். தூக்கியதும் அவளுக்குக் கோபம். "அங்கன ஒண்ணும் கேக்கல சார். இங்கனதான் நல்லாப் பாடுது."

அதன்பின் பணிக்காலம் முழுவதும் வாசலை மறித்து நின்று, கண்ணைத் திறந்துகொண்டுதான் பாட்டு நடத்தினேன்.

வகுப்பாசிரியர் அறையில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பயிற்சிப் பள்ளிக்கு அன்றே எழுதிக் கேட்டேன். வகுப்பாசிரியரையே அணுகும்படி பதில் வந்தது. பயிற்சி முடிந்து நான் ஊர் திரும்பிய பிறகு, சித்திரை இரண்டாம் தேதி.