பலூன் வழியாக வந்த குரல்

கரையில் சார் இருந்தார். அவரிடம் படிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள், மேசைமேல் வைத்த பெட்டியைப் பார்த்துக்கொள்ள. என் வீட்டுக்காரர் இருந்தார், பலூன் கயிற்றைப் பிடிக்க. தம்பி பெண்டாட்டி இருந்தாள். பக்கத்து வீட்டு போட்காரர் இருந்தார், அவரை யாரும் கூப்பிடவில்லை. நான் இருந்தேன். தம்பி கடலில் இருந்தான். கூட்டாளிக்குக் காய்ச்சல், அதனால் தனியாகப் போயிருந்தான்.

சுனாமிக்கு இரண்டு வருஷம் கழித்து நடந்தது. எங்கள் குப்பம் ஈ.சி.ஆர். ஓரம், நீலாங்கரைக்கும் கோவளத்துக்கும் நடுவில். நான் கூடையோடு பஸ் ஏறி சிட்லபாக்கம் போய் மீன் விற்கிறவள். ஏரிப் பக்கத்துத் தெருவில் சார் எனக்கு வாடிக்கை. தாம்பரத்தைத் தாண்டி ஒரு இன்ஜினியரிங் காலேஜில் வாத்தியார். ஒரு நாள் மீன் வாங்கும்போது, கடலில் செல்போன் எவ்வளவு தூரம் எடுக்கும் என்று கேட்டார். கொஞ்சம் உள்ளே போனாலே செத்துவிடும் என்றேன். கூடையை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். டவர் தரையில் நிற்கிறது. கடல் வளைந்து இறங்குகிறது. தூரத்துப் படகு டவருக்குத் தெரியாது. சாட்டிலைட் போன் என்றால் எங்கேயும் எடுக்கும், ஆனால் அதன் விலையும் அனுமதியும் நமக்கு ஆகாது. அதனால் டவரில் இருக்கிற சாமானைப் பலூனில் கட்டி மேலே ஏற்றிவிடலாம்.

"இன்னும் கொஞ்ச வருஷத்துல சாட்டிலைட்டே நேரா உங்க போன்ல பேசும்மா. அதுவரைக்கும் இது," என்றார்.

தம்பியிடம் போட் இருக்கிறது என்றேன்.

பலூன் வெள்ளையாக ஒரு குடிசை அளவு இருந்தது. காலையில் காற்றில்லை. நேராக ஏறி நின்றது. தம்பி பெண்டாட்டி அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாக்கா, அண்ணன் தொப்பையாட்டம் கீது."

"கயித்த வுட்டன்னா தெரியும்," என்றார் என் வீட்டுக்காரர்.

வெயில் ஏறினபோது பெட்டி கரகரத்தது. பிறகு தம்பி பேசினான்.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குதுடா. துன்னியா?"

"துன்ட்டேன், துன்ட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. சாரிடம் படிக்கிற பெண் கைதட்டினாள். சார் பெட்டிக்குக் கிட்டே குனிந்தார்.

"எங்க இருக்கீங்க? இடம் சொல்லுங்க."

பக்கத்து போட்காரர் மேசைப் பக்கம் நகர்ந்து வந்தார். "மச்சான், மீன் மாட்டிச்சா?" என்று கத்தினார்.

பெட்டியில் அலை மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"தெக்கால கீறேன் சார். கோவளத்துக்கு நேரா. மீனு ஒண்ணும் இல்ல."

"மீனு இல்லாதவனுக்கு கொரல்ல எவ்ளோ குஷி பாரு," என்றார் போட்காரர். எல்லோரும் சிரித்தோம்.

எங்கள் குப்பத்தில் மீன் படுகிற இடத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் வேறு இடம் சொல்வார்கள். அதைத் தப்பென்று யாரும் நினைப்பதில்லை. கேட்பவரும் கோபிக்க மாட்டார். ஆனால் அதெல்லாம் கரை ஏறிய பிறகு பேசுகிற பேச்சு. கடலில் இருந்தபடி யாரும் கரையோடு பேசினதில்லை. அங்கிருந்தே குரல் வந்ததால் நம்பிவிட்டோம்.

மத்தியானம் மேற்கே, தாம்பரம் பக்கம், கறுத்தது. சார் பலூனை இறக்கச் சொன்னார். இடி விழும், கயிறு அறுந்தால் விமானம் போகிற வழியில் போய் நிற்கும் என்றார். இறக்குவதற்கு முன் தம்பியைக் கூப்பிட்டார்.

"காத்து வருது. கிளம்பிடுங்க."

"வலைய எடுத்துகினு வந்துடறேன் சார்."

என் வீட்டுக்காரர் கயிற்றைச் சுற்றினார். பலூன் இறங்க இறங்கப் பெட்டியில் இரைச்சல் மட்டும் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

கரையிலிருந்து கடலுக்குள் அடிக்கிற காற்று. குப்பத்துத் தகரமெல்லாம் பறந்து அலையில் விழுந்தது. பலூன் கட்டின இடத்திலேயே கிழிந்து படுத்தது.

மழை விட்டும் தம்பி வரவில்லை. பலூனை ஏற்ற முடியவில்லை. சார் பெட்டியைப் பார்த்து, கடைசியாகப் பேசினபோது அவன் எவ்வளவு தூரத்தில் இருந்தான் என்று சொன்னார். எந்தப் பக்கம் என்பது பெட்டிக்குத் தெரியாதாம்.

"அதான் அவனே சொன்னானே," என்றார் பக்கத்து போட்காரர். அவர்தான் முதலில் போட்டைத் தள்ளினார். "கோவளம் பக்கம் வாங்கடா!" என்று கத்திக்கொண்டே தள்ளினார்.

தம்பி பெண்டாட்டி முட்டி வரை தண்ணீரில் நின்றாள். அவளிடமும் அவன் இடம் சொல்லிவிட்டுப் போனதில்லை.

மூன்றாம் நாள் வடக்கே, நீலாங்கரைக்கு நேரே, எங்கள் சிவப்புக் கொடி கட்டின மிதவையைப் பார்த்தார்கள். கல் கட்டி இறக்கின வலை, அதனால் போட்ட இடத்திலேயே இருந்தது. வலை நிறைய வவ்வால் மீன், எல்லாம் அழுகல். போட் கிடைக்கவில்லை. அவனும் கிடைக்கவில்லை.

சார் அதற்குப் பிறகு கடற்கரைக்கு வரவில்லை. நான் அந்தத் தெருவுக்குப் போகிறேன். மீன் வாங்குவார். பேசுவது குறைவு. ஒரு தரம் மட்டும், "பலூன் மேல இருந்திருந்தா இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்மா," என்றார். ஆமாம் சார் என்றேன். காற்று வந்த பிறகு கேட்டிருந்தால் தம்பி வேறு இடம் சொல்லியிருக்க மாட்டான்.

தம்பி பெண்டாட்டி இப்போது மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறாள். குப்பத்துக்கு வருவதில்லை. வந்த ஒரே நாள், காப்பித் தம்ளரை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கு எத்தினி போட்டுக்கா போச்சு?"

நான் கரையில் நின்று எண்ணியிருந்தேன்.

தெற்கே பதினொன்று.