லூர்துவிடம் சொல்லாமல் இருந்த இரண்டு மாதம்

தவக்காலத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை, கோயிலில் சிலுவைப்பாதைச் செபத்தில், ஏழாம் நிலையில் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. ஒவ்வொரு நிலைக்கும் முழங்காலிட்டு எழ வேண்டும். ஆறு வரை எழுந்துவிட்டேன். ஏழாவதில் முழங்கால் வலிக்கவில்லை, தலை சுற்றவில்லை. காற்று மட்டும் உள்ளே போகவில்லை. முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் உருகிச் செபிப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

என் பெயர் ஸ்டெல்லா. அப்போது நாற்பத்தொரு வயது. விருத்தாசலத்தில் ஒரு சிறிய செராமிக் கம்பெனியில் பதினோரு ஆண்டுகளாக வேலை. மின்சார ஃப்யூஸ் கட்டைகள் செய்யும் கம்பெனி. களிமண்ணும் கல்பொடியும் சேர்த்து அச்சில் அழுத்திக் காயவைத்த கட்டைகளின் ஓரத்துப் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, பொடியை வாயால் ஊதி, சூளைக்குப் போகும் தட்டில் அடுக்க வேண்டும். நாளெல்லாம் அதுதான்.

பக்கத்து ஸ்டூலில் லூர்து. என்னைவிட ஆறு வயது சின்னவள். ஒரே தெரு, ஒரே அன்பியம் (பங்கின் குடும்பங்கள் சில சேர்ந்து வீடு வீடாகக் கூடிச் செபிக்கும் குழு). சாயங்காலம் வெளியே வரும்போது எங்கள் இருவரின் புருவமும் வெள்ளையாக இருக்கும். "கெழவிங்க ரெண்டு பேரும் வூட்டுக்குப் போறோம்" என்று வாட்ச்மேனிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஊரில் ஒரு தனியார் மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரேயில் நிழல் இருந்தது. சளியில் கிருமி இல்லை. ஆனாலும் டி.பி. (காசநோய்) என்றே முடிவு செய்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிடச் சொன்னார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தெரியாது.

ஆறு மாதமும் என் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டேன். மகளைக் கட்டிப்பிடிக்கவில்லை. அது ஒட்டுகிற நோயே இல்லை என்று பிறகு தெரிந்தபோது, அந்த ஆறு மாதத்தை யாரிடம் போய்க் கேட்பது?

அந்த நாட்களில்தான் முதலாளியின் மனைவி வீட்டுக்கு வந்தார். எங்கள் அன்பியத்தின் தலைவி அவர். கெட்டவர் இல்லை. என் மகளுக்கு டெங்கு வந்தபோது தன் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். என் நெஞ்சில் எண்ணெய் பூசி, தலையில் கைவைத்துச் செபித்தார். முடித்ததும் சொன்னார்:

"இது பயத்தோட ஆவி, ஸ்டெல்லா. பயம் இருக்கிற எடத்துல விசுவாசம் நிக்காது. நீ மொதல்ல பயப்படறத வுடு."

நான் விட்டுப் பார்த்தேன். கண்ணை மூடி, பயமில்லை பயமில்லை என்று சொல்லிக்கொண்டேன். இருமல் கூடியது. அப்படியானால் என் விசுவாசம்தான் போதவில்லை என்று முடிவு கட்டினேன். நோயாளிக்கு நோய் ஒன்றே போதும். அதன்மேல் இந்தக் குற்றச்சாட்டையும் ஏற்றிவைப்பவர்கள் எந்தச் சபையிலும் இருக்கிறார்கள். உங்கள் கட்டிலருகே வந்து அப்படிச் சொல்பவர்களுக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். நான் அவர்களை நம்பி என்னையே நொந்துகொண்டேன்.

மாத்திரை முடிந்தும் மாடிப்படி ஏற முடியாமல் போனபோது, என் கணவர் அந்தோணி என்னைப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நீளமான தாழ்வாரம். சுவரோரம் முழுக்க இருமுகிறவர்கள். எங்கள் முறை வந்தபோது இருந்தது ஓர் இளம் பெண் மருத்துவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அதைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"என்ன வேலை பார்க்கறீங்கம்மா?"

"செராமிக் கம்பெனியில."

"அங்க என்ன செய்வீங்க? கையால செஞ்சு காட்டுங்க."

காட்டினேன். இல்லாத கட்டையை இல்லாத உப்புத்தாளால் தேய்த்தேன். பிறகு ஊதினேன். அந்த ஊதலுக்கே இருமல் வந்துவிட்டது.

ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதி நுரையீரலின் கொள்ளளவைப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். சிலிக்கோசிஸ் என்றார்கள் (கல்பொடியின் நுண்ணிய தூசி நுரையீரலில் தங்கி, அந்த இடத்தைத் தழும்பாக்கும் நோய்).

"குணமாயிடுமா டாக்டர்?"

அவர் சுற்றி வளைக்கவில்லை. "வந்த தழும்பு போகாதும்மா. தூசிய விட்டாலும் சில பேருக்குக் கூடும். விடலைன்னா கட்டாயம் கூடும். இன்ஹேலர் தரேன், மூச்சுப் பயிற்சி சொல்லித் தரேன். உங்ககூட எத்தனை பேர் வேலை பார்க்கறாங்க?"

"பொம்பளைங்க பதினாலு பேரு."

அவர் தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். அந்தக் கம்பெனியில் வேலை செய்பவர்கள் எல்லோரும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு நீட்டினார். "இருமுறவங்கள முதல்ல அனுப்புங்க."

லூர்து மழைக்காலத்திலிருந்தே இருமிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தோணி அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். அவர் அதே கம்பெனியின் லோடு வண்டி ஓட்டுபவர். நெய்வேலி தாண்டியதும் சொன்னார்:

"இத வெளிய சொன்னா என்னா ஆவும்னு யோசிச்சியா?"

"சொல்லலன்னா என்னாங்க ஆவும்?"

"கம்பெனிய மூடுவாங்க. பதினாலு வூட்டுலயும் நம்மளத்தான் திட்டுவாங்க. கொஞ்ச நாள் போவட்டும்."

அவர்மேல் மட்டும் பழியைப் போட எனக்கு உரிமை இல்லை. அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்க மாட்டேன். கடிதத்தைச் செபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்தேன். வேலைக்குப் போவதை நிறுத்தினேன். கேட்டவர்களிடம் நெஞ்சுச் சளி என்றேன்.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து லூர்து வந்தாள். சேத்தியாத்தோப்பில் அவள் அம்மா வீட்டிலிருந்து வரும் ஆற்றுமீனில் எனக்கென்று ஒரு கிண்ணம் குழம்பு எடுத்து வருவாள். வாசலில் நின்று இருமி முடித்துவிட்டுத்தான் உள்ளே வருவாள், எனக்கு ஒட்டிவிடக் கூடாதாம்.

"எப்பக்கா வேலைக்கு வருவீங்க? உங்க ஸ்டூல யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்."

"ஒடம்பு தேறட்டும் லூர்து."

இரண்டு மாதம் இப்படிச் சொன்னேன். எட்டு ஞாயிறு. எட்டு கிண்ணம் குழம்பு.

செபிக்காமல் இல்லை. பயத்தை எடுத்துவிடும் ஆண்டவரே, எடுத்ததும் சொல்லிவிடுகிறேன் என்று பேரம் பேசினேன். அவர் எடுக்கவில்லை. ஒரு மத்தியானம் கோயிலில் யாரும் இல்லாத நேரத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கச் சுவரில், சிலுவைச் சாவுக்கு முந்தைய இரவின் கெத்சமனித் தோட்டத்துப் படம். பாறைமேல் கைகூப்பிய இயேசு. சீவிய தலை, அமைதியான முகம். சின்ன வயதிலிருந்து பார்க்கும் படம். அன்றைக்கு அதைப் பார்க்கக் கோபம் வந்தது. வரைந்தவர் பொய் வரைந்திருக்கிறார். அந்தத் தோட்டத்தில் இயேசு பயந்தார். இரத்தம் வியர்க்கும் அளவுக்குப் பயந்தார். இது வேண்டாமே என்று கெஞ்சினார். கூட வந்தவர்கள் தூங்கிவிட்டார்கள். யாரும் அவருக்குப் பயத்தின் ஆவி பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை. பயம் போன பிறகு அவர் எழுந்ததாகவும் நான் கேட்டதில்லை. பயத்தோடேயே எழுந்து போனார்.

எனக்குத் தெரிந்த இறையியல் அவ்வளவுதான். அன்று மனதில் சமாதானம் எதுவும் இறங்கவில்லை. ஆனால் பயம் போகட்டும் என்று காத்திருப்பதை நிறுத்திவிட்டேன்.

அந்த வாரம் அன்பியக் கூட்டம் லூர்துவின் வீட்டில். பாயில் பெண்கள், நாற்காலியில் முதலாளியின் மனைவி. செபமாலை முடிந்து, அவரவர் மன்றாட்டைச் சொல்லும் நேரம். என் முறை வந்தபோது கடிதத்தை எடுத்தேன்.

"எனக்கு வந்தது சளியும் இல்ல, டி.பி.யும் இல்ல. நம்ம கம்பெனித் தூசி நொரையீரல்ல தங்கிடுச்சு. வேலை பாக்கிற எல்லாரும் எக்ஸ்ரே எடுக்கணும்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க."

"செபத்துல பேசுற பேச்சா இது?" என்றார் முதலாளியின் மனைவி. குரலில் கோபத்தைவிட அதிர்ச்சிதான் இருந்தது.

"வேற எங்கம்மா வந்து பேசறது?"

லூர்து என் கையிலிருந்து கடிதத்தை வாங்கினாள். மெல்லப் படித்தாள். கீழே தேதியில் விரலை வைத்தாள்.

"ரெண்டு மாசம் ஆவுதேக்கா."

எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட்டாள்.

பதினாலு பேரில் ஒன்பது பேர் எக்ஸ்ரே எடுத்தார்கள். மூன்று பேருக்கு இருந்தது. லூர்துவின் படம் என் படத்தைவிட மோசம். "இது பல வருஷமா சேர்ந்தது. ரெண்டு மாசத்துல எதுவும் மாறியிருக்காது" என்றார் அந்த மருத்துவர். மருத்துவப்படி சரியாக இருக்கலாம். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

அந்தோணியை முதலாளி கூப்பிட்டு, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதட்டவில்லை, உட்காரவைத்துத்தான் சொன்னார். இப்போது அந்தோணி பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. கம்பெனியில் சில மாதம் கழித்துத் தூசி உறிஞ்சும் விசிறி வைத்தார்கள், கட்டைகளை ஈரத்தோடு தேய்க்கச் சொன்னார்கள். வைத்ததற்குக் காரணம் நான் என்று யாரும் சொல்லவில்லை. இடையில் வேலை நின்ற மூன்று வாரத்துக்குக் காரணம் நான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

லூர்துவும் நானும் சேர்ந்தே புதுச்சேரிக்குப் போய் வந்தோம். என்னை மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டை மட்டும் எனக்கு விடுவாள். "காத்து வரும், நீங்க உக்காருங்கக்கா." ஒருநாள் பண்ருட்டி தாண்டியபோது திடீரென்று கேட்டாள்:

"அந்த ரெண்டு மாசம் நான் ஊதின பொடியெல்லாம் எங்கக்கா போயிருக்கும்?"

பதில் இருவருக்கும் தெரியும். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

எக்ஸ்ரே எடுத்த பிறகு பதினாலு மாதம் இருந்தாள். கடைசி வாரம், அக்னி நட்சத்திர வெயில். கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கருவி) ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் குழாயோடு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"பயமா இருக்குதுக்கா."

அறையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். "பயப்படாத லூர்து, ஆண்டவர் இருக்காரு" என்று யாரோ சொன்னார்கள். அவர் இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் அவள் காதருகே குனிந்து, "எனக்கும் பயமாத்தான் இருக்குது. நான் இங்கதான் இருப்பேன்" என்றேன். அவள் தலையை அசைத்தாள். மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு இறந்தாள்.

முப்பதாம் நாள் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகத்தை நான் வாசிக்க வேண்டும் என்று லூர்துவின் மகள் கேட்டாள். முடியாது என்றேன். "நிறுத்தி நிறுத்தி வாசிங்க பெரியம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

முன்பெல்லாம் ஒரு வரி என்பது ஒரு மூச்சு. இப்போது ஒரு வரிக்கு மூன்று மூச்சு. குளிக்கப் போனால் பாதியில் உட்கார வேண்டும். தெருமுனைக் கடை என்பது இரண்டு நிறுத்தம். கடிகாரம் எல்லோருக்கும் ஒன்றுதான். எனக்குள் ஓடும் நேரம் மட்டும் வேறு. அதை வெறுத்தேன். இன்றும் சில காலைகளில் வெறுக்கிறேன். ஆனாலும் அன்று மைக்கின் முன் நின்று, ஒவ்வொரு துண்டாக வாசித்தேன். நான் மூச்சு வாங்கும்போதெல்லாம் கோயில் காத்திருந்தது.

அப்படி ஓர் இடைவெளியில்தான் பெண்கள் பக்கத்திலிருந்து அந்த இருமல் கேட்டது. சளி இல்லாத, வறண்ட, அடிநெஞ்சு இருமல். எனக்கு அது தெரியும். நிமிர்ந்து பார்த்தேன். நான்காம் வரிசையில் ரீத்தா. எங்களோடு வேலை பார்த்து, எக்ஸ்ரே எடுக்க மாட்டேன் என்று வேறொரு செராமிக் கம்பெனிக்குப் போனவள். அங்கே முகத்தில் துணிகூடக் கட்டுவதில்லையாம். என்னோடு பேசி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசகத்தை முடித்தேன். கடைசிப் பாட்டு தொடங்கும் முன்பே எழுந்துவிட்டேன். பூசை முடிந்ததும் ரீத்தா பக்கவாசல் வழியாக வேகமாகப் போய்விடுவாள். அவளுக்கு முன்னால் நான் அங்கே இருக்க வேண்டுமானால், என் கணக்குக்கு இப்போதே கிளம்பினால்தான் முடியும். நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு பெஞ்சைப் பிடித்து நின்றேன், மூச்சு வாங்கினேன், அடுத்த பெஞ்சுக்கு நடந்தேன்.